ஓ/எல் முடித்து பெரிய பாடசாலைக்கு மாறுவது: இடம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு

சாதாரண தரப் (ஓ/எல், தரம் 11 முடிவில் எழுதும் பரீட்சை) பெறுபேறு வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு என்னிடம் வருவது ஒரே கேள்விதான். "டீச்சர், இந்த ரிசல்ட்டுக்கு அங்க எடம் கெடைக்குமா?" அந்த 'அங்க' ஆளுக்கு ஆள் மாறும். அக்கரப்பத்தனைப் பிள்ளைக்கு அது ஹட்டன், ஹட்டன் பிள்ளைக்குக் கண்டி, கண்டிப் பிள்ளைக்குக் கொழும்பு, சிலருக்கு நேரே யாழ்ப்பாணம். கேட்பது சில நேரம் பிள்ளை, பல நேரம் மலையிலிருந்து கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மூச்சு வாங்கப் பேசும் அம்மா, இன்னும் சில நேரம் கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டு தங்கச்சியையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று நிற்கும் அண்ணன்.

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. போனில் அரை மணித்தியாலம் பேசினாலும் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 11 வரை படித்து, உயர்தரத்துக்கு (ஏ/எல், தரம் 12, 13) டவுன் பாடசாலைக்கு மாறியவள். இப்போது உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், தரம் 12க்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. இடம் கிடைக்குமா என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன, எல்லாரும் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு பெட்டியைக் கட்டுகிறார்கள். பாடசாலை சேர்த்துக்கொள்ளுமா என்பது அதில் சின்னக் கேள்வி. அங்கே இரண்டு வருடம் பிள்ளை நின்று பிடிக்குமா, அங்கிருந்து பரீட்சை எழுதினால் பல்கலைக்கழக வாய்ப்பு கூடுமா குறையுமா, இவை இரண்டும்தான் பெரியவை.

எங்கள் பிள்ளைகள் ஏன் மாறியே ஆக வேண்டியிருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் சிலர் கேட்பார்கள். அரச பாடசாலைகளில் 1ஏபி வகைக்கு மட்டும்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி வகையில் உயர்தரம் இருக்கும், ஆனால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். தோட்டங்களைச் சுற்றியிருக்கும் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள், அநேகமானவை 1சி, வகை 2, அதற்கும் கீழே ஆரம்பப் பாடசாலை. இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945 இல். தோட்டத்துப் பாடசாலைகள் அதற்குப் பிறகும் பல வருடம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்து, 1970களில்தான் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்தத் தாமதத்தின் வட்டியை இன்றைய பிள்ளை கட்டுகிறது. உயிரியல் படிக்க ஆசைப்படும் தோட்டத்துப் பிள்ளைக்கு மாறுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் "இருக்கிற இடத்திலேயே படிம்மா" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும்.

சரி, முதல் கேள்வி. சேர்த்துக்கொள்வார்களா?

அமைச்சின் விதிப்படி உயர்தரம் படிக்கத் தகுதி என்பது, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி, அதில் 3 பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல். கணிதப் பிரிவுக்குப் போவதென்றால் கணிதத்தில் குறைந்தது சி வேண்டும், உயிரியலுக்கு விஞ்ஞானத்தில் சி வேண்டும். இது வாசல்படி மட்டும்தான். பெரிய பாடசாலையில் இதை வைத்துக்கொண்டு நின்றால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். அதற்காக "8 ஏ இல்லாட்டி அந்தப் பக்கமே போகாதீங்க" என்று தோட்டத்தில் ஒருவர் மாறி ஒருவர் சொல்வதையும் நம்ப வேண்டாம், அது எந்த வருடத்துக் கதை, எந்தப் பிரிவுக்கான கதை என்று சொன்னவருக்கே தெரியாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாடசாலை முதலில் தன்னுடைய தரம் 11 பிள்ளைகளைத்தான் தரம் 12க்கு எடுக்கும். மிஞ்சுகிற இடம்தான் வெளிப் பிள்ளைகளுக்கு. எனவே ஒரு பாடசாலையின் பெயர் எவ்வளவு பெரியது என்பதை விட, அந்த வருடம் அதன் சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் விஞ்ஞானத்துக்குத் தகுதி பெற்றார்கள் என்பதுதான் உங்கள் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. சொந்தப் பிள்ளைகளின் பெறுபேறு அமோகமாக வந்த வருடம் நல்ல வருடம் என்று பத்திரிகையில் போடுவார்கள், வெளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது கஷ்டமான வருடம். இதை யாரிடம் கேட்பது? பகுதித் தலைவரிடம் கேட்கலாம், பிரதி அதிபரிடம் கேட்கலாம், தயங்கினால் அந்தப் பாடசாலையில் இப்போது தரம் 12 படிக்கும் பிள்ளை ஒன்றைப் பிடித்து "உங்க வகுப்புல வெளியிலிருந்து வந்தவங்க எத்தன பேர், அவங்க ரிசல்ட் என்ன" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் அந்தப் பதில் ஊரில் அடிபடும் பத்துக் கதைக்கு மேல்.

பிரிவைப் பொறுத்தும் வாய்ப்பு மாறும். எங்கள் பக்கத்தில் உயிரியலுக்குத்தான் தள்ளுமுள்ளு, டொக்டர் என்ற சொல் எங்கள் லயங்களில் அவ்வளவு பெரிய சொல். அதே பெறுபேற்றோடு கணிதப் பிரிவுக்கு வருபவருக்கு இடம் இலகுவாகக் கிடைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவுக்கு இன்னும் இலகு. கணிதத்தில் உண்மையான பிடிப்புள்ள பிள்ளையை, வீட்டார் ஆசைக்காக உயிரியல் வரிசையில் நிறுத்தி இடமும் கிடைக்காமல் மனமும் உடைந்து போவதைப் பார்க்கும்போது அந்தப் பெற்றோரிடம் கெஞ்சிக்கூடப் பேசியிருக்கிறேன். பொறியியலும் உயர்ந்த படிப்புதான், பௌதிக விஞ்ஞானமும் கணனி விஞ்ஞானமும் அப்படித்தான்.

நேர்முகத் தேர்வில் நாங்கள் என்ன பார்க்கிறோம்? முதலில் பெறுபேற்றுக்கான புள்ளி. அதில் பேச்சுக்கு இடமில்லை. புள்ளிகள் கிட்டத்தட்டச் சமமாக வரும்போதுதான் மற்றதெல்லாம் பேசும். மொத்தம் எத்தனை ஏ என்பதை விட கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் எப்படி இருக்கின்றன என்று என் கண் போகும். தரம் 10 முழுவதும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து வந்து விஞ்ஞானத்தில் பி எடுத்த பிள்ளை, டவுனில் மூன்று டியூசன் போய் ஏ எடுத்த பிள்ளைக்குக் குறைந்ததல்ல என்பதை நான் மேசையில் சத்தமாகவே சொல்வேன். ஆனால் அது எனக்குத் தெரிய வேண்டுமே! பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "ஆமா டீச்சர், இல்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னால் எப்படித் தெரியும். அதனால் உங்கள் அதிபரிடம் ஒரு கடிதம் கேளுங்கள், எந்தப் பாடத்துக்கு எவ்வளவு காலம் ஆசிரியர் இருக்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும். நற்சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் எல்லாம் எல்லாரும் கொண்டு வருவார்கள். இந்த ஒரு வரியைத்தான் யாரும் கொண்டு வருவதில்லை.

இன்னொரு விஷயம், முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடாதீர்கள். நல்ல பெறுபேறு உள்ள பிள்ளைகள் இரண்டு மூன்று இடங்களில் விண்ணப்பித்திருப்பார்கள். கண்டியில் கிடைத்ததும் ஹட்டனில் கிடைத்த இடத்தை விடுவார்கள், கொழும்பில் கிடைத்ததும் கண்டியை விடுவார்கள். வகுப்பு தொடங்கி முதல் சில வாரங்களில் இடம் காலியாகும். அந்த நேரம் யார் திரும்ப வந்து அலுவலகத்தில் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது. தோட்டத்துப் பெற்றோர் ஒரு நாள் பேர் போட (வேலைக்கு வந்ததாகப் பதிய) முடியாமல் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் டவுனுக்கு வர வேண்டும், இரண்டாம் முறை வருவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால் அலுவலக நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையையே போன் பண்ண வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

இடம் கிடைத்த பிள்ளைகளில் சிலர் முதலாம் தவணை முடிவதற்குள் வாடிப்போவதை வருடா வருடம் பார்க்கிறேன். தோட்டப் பாடசாலையில் தரம் 1 இலிருந்து 11 வரை முதலாம் பிள்ளை, பரிசளிப்பில் மேடையேறிய பிள்ளை, முதல் தவணைப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு 18 புள்ளி எடுத்து வகுப்பில் முப்பதாம் ஆளாக நிற்கும்போது அதற்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், தரம் 12இன் முதல் தவணையில் எல்லாருக்குமே புள்ளி விழும், டவுன் பிள்ளைக்கும் விழும் என்று. ஓ/எல் விஞ்ஞானத்துக்கும் ஏ/எல் இரசாயனவியலுக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவு. டவுன் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஒரு அக்கா இருப்பாள், டியூசன் சேர் இருப்பார். தோட்டத்துப் பிள்ளை தனக்குத்தான் மண்டை போதவில்லை என்று முடிவு கட்டிவிடும். பிறகு பாத்ரூமில் அழும், பிறகு வரவு குறையும், பிறகு ஒரு நாள் அப்பா வந்து விடுகைப் பத்திரம் கேட்பார்.

இதைத் தடுக்க முடியும். அதற்கு நான் சொல்வது, ஓ/எல் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலான அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம் என்பது. தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர ஆசிரியர் வழிகாட்டிகளும் வள நூல்களும் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. கணிதத்துக்குப் போக நினைப்பவர் இணைந்த கணிதத்தின் அட்சரகணிதத் தொடக்கத்தை எடுத்து உட்காரட்டும், இருபடிச் சமன்பாடுகள், மீதித் தேற்றம் போன்றவை. உயிரியல் என்றால் இரசாயனவியலின் அணுக்கட்டமைப்பை எடுக்கட்டும். விளங்குகிறதா என்பதை விட, விளங்காதபோது பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்ப வாசிக்கிறதா, யாரிடமாவது கேட்கிறதா, இல்லை மூடி வைத்துவிட்டு போனை எடுக்கிறதா? ஒன்பது ஏ சொல்லாத ஒன்றை இது சொல்லும். உயர்தரப் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியலும் முதல் வினாத்தாளில் ஆளுக்கு 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

பிறகு தங்குமிடம், பயணம், காசு. காலை ஐந்து மணிக்கு பனிக்குள் நடந்து வந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளை பின்னேரம் ஐந்து மணிக்கு வீடு திரும்பி எத்தனை மணி வரை படிக்கும்? போடிங் என்றால், எந்த வீடு, யார் பொறுப்பு, பெண் பிள்ளை என்றால் மாலையில் டியூசன் முடிந்து யாரோடு திரும்பும், மாதவிடாய் நாட்களில் அங்கே வசதி என்ன, இதையெல்லாம் அம்மாமார் நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கொழும்பில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் அறைக்கும் டியூசனுக்கும் ஆகும் செலவை 24 ஆல் பெருக்கி ஒரு தாளில் எழுதுங்கள். தோட்டத்தின் இப்போதைய அடிப்படை நாட்சம்பளத்தை வைத்து அதை வகுத்துப் பாருங்கள், எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று தெரியும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதத்துக்கு நகையை அடகு வைத்துச் சமாளித்துவிட்டு ஏழாம் மாதம் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வருவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு, அப்போது பழைய பாடசாலையிலும் பாடம் போய்விட்டிருக்கும். உதவி இருக்கிறது, கேளுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வழங்கப்படும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியப் புலமைப்பரிசில் 1947 இலிருந்து இருக்கிறது, உயர்தர மாணவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஜனாதிபதி நிதியமும் வருமானம் குறைந்த உயர்தர மாணவர்களுக்கு மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுத்து வருகிறது. விண்ணப்பிக்கும் காலம் குறுகியது, அதிபரின் கையொப்பம் வேண்டும், பாடசாலை மாறும் பரபரப்பில் பலர் திகதியைத் தவறவிடுகிறார்கள்.

நோர்வூட் பக்கத்துப் பிள்ளை ஒன்று கொழும்புக்குப் போனது. கெட்டிக்காரி, வீட்டிலும் எல்லாரும் சம்மதம். மாமா வீட்டில் தங்கல், ஆனால் மாமா வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், சமையலும் இவள் தலையில். படிக்க உட்காரும்போது இரவு பத்து மணி. அவள் திரும்பி வரவில்லை, முடித்தாள், ஆனால் அவளுடைய கெட்டித்தனத்துக்கு வர வேண்டிய பெறுபேறு அது இல்லை. அவளோடு ஓ/எல் எழுதிய பையன், பெறுபேறு அவளுக்குக் கீழே, பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள பாடசாலையில் கணிதம் படித்தான், இன்று பொறியியல் பீடத்தில் இருக்கிறான். அந்தப் பையனுக்கு வீடு இருந்தது, மேசை இருந்தது, பின்னேரம் நின்று படிப்பிக்க ஒரு சேர் இருந்தார். அவளுக்குப் பெரிய பாடசாலையின் பெயர் இருந்தது.

மூன்றாவது கேள்வியை எங்கள் பெற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்பதே இல்லை, அதனால் இதைத்தான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல நினைக்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதி நாடு முழுவதற்கும் ஒரே வரிசையில் நடப்பதில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16 இல் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, இரத்தினபுரி இருக்கிறது. கண்டி இல்லை, மாத்தளை இல்லை, கேகாலை இல்லை, கொழும்பு இல்லவே இல்லை. எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதை உங்கள் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை, தோட்ட விலாசமும் தீர்மானிப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய 3 வருடத்தில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதைப் பார்க்கிறார்கள்.

இந்த 3 வருட விதியின் அருமை எங்கள் மாவட்டத்துக்காரருக்குத்தான் தெரியும். வெளி மாவட்டத்தில், நல்ல வசதியுள்ள பாடசாலைகளில் படித்துவிட்டு, பரீட்சைக்கு மட்டும் நுவரெலியாவிலும் பதுளையிலும் பெயர் பதிந்து எழுதி, எங்கள் பிள்ளைகளுக்கான இடத்தைக் கொண்டுபோகிறார்கள் என்ற மனக்குமுறல் மலையகத்தில் பல வருடமாக இருக்கிறது. எல்லாரும் இங்கே வர ஆசைப்படும் அந்த வரிசையை விட்டு, எங்கள் பிள்ளை தானாகவே வெளியே போய், கண்டியோடும் கொழும்போடும் போட்டி போடும் வரிசையில் நிற்கிறது. அதுவும் என்னவென்றே தெரியாமல்.

வட்டவளையில் இருக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பஸ் ஏறினால் ஹட்டன், மறுபக்கம் இறங்கினால் நாவலப்பிட்டி. இரண்டிலும் நல்ல பாடசாலைகள், இரண்டும் எட்டும் தூரம், வீட்டில் "எது கிட்ட, எங்க மாமா இருக்காரு" என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் ஹட்டன் நுவரெலியா மாவட்டம், நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். ஒரே பிள்ளை, ஒரே படிப்பு, ஒரே புள்ளி, இரண்டு வெவ்வேறு வெட்டுப்புள்ளி (பல்கலைக்கழக இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி). புசல்லாவைப் பக்கத்திலும் இதே கதைதான். நாவலப்பிட்டிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அங்கே படித்து மிக நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

இதைக் கணக்காகப் பார்க்க வழி இருக்கிறது. 2001 இலிருந்து இசட் புள்ளி முறை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து நியம விலகலால் வகுப்பார்கள், மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்துச் சராசரி போடுவார்கள். சராசரி குறைந்த கஷ்டமான பாடத்தில் 60 எடுத்தவர், இலகுவான பாடத்தில் 60 எடுத்தவரை விட மேலே நிற்பது இதனால்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் கற்கைநெறி வாரியாக, மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளி அட்டவணையை வெளியிடுகிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். கடைசி மூன்று வருட அட்டவணைகளை எடுங்கள். பிள்ளை விரும்பும் கற்கைநெறியில் நுவரெலியா எவ்வளவு, போக நினைக்கும் மாவட்டம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசம்தான் மாறுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. இப்போது கேளுங்கள்: அந்தப் பெரிய பாடசாலையும் அங்குள்ள ஆசிரியர்களும் டியூசனும் என் பிள்ளையின் புள்ளியை அந்த வித்தியாசத்துக்கு மேலே தூக்கிவிடுமா?

சில பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தூக்கிவிடும். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை, ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது, செயன்முறை எல்லாம் கரும்பலகையில்தான் என்றால், அங்கே இருந்துகொண்டு மாவட்ட ஒதுக்கீட்டை நம்புவதில் பொருளில்லை. குறைந்த வெட்டுப்புள்ளியும் எட்டினால்தானே இடம். அகில இலங்கைத் திறமைப் பட்டியலிலேயே வரக்கூடிய அபூர்வமான பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு எந்த மாவட்டம் என்பது பெரிய விஷயமே இல்லை, நல்ல ஆசிரியர் இருக்கும் இடம்தான் விஷயம். நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான், அதாவது நல்ல பெறுபேறு, ஆனால் தீவிலேயே முதல் ஐந்நூறு என்று சொல்ல முடியாது என்ற நிலையில் இருக்கும் பெரும்பான்மைக்குத்தான், இந்தக் கணக்கு உயிர்நாடி. அவர்களில் பலருக்கு என் பதில், மாவட்டத்துக்குள்ளேயே மாறுங்கள் என்பது. அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டனுக்கு, இராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு, பண்டாரவளைப் பக்கத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு. பாடசாலை மாறும், ஆசிரியர் கிடைப்பார், மாவட்டம் மாறாது.

மாவட்ட ஒதுக்கீட்டில் போவது கேவலம் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "மெரிட்ல போகணும் டீச்சர்" என்பார்கள். அந்தத் தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தங்கச்சி, தம்பி, உங்களுக்கு விஞ்ஞான ஆசிரியரைத் தராத நாடு, ஆய்வுகூடம் தராத நாடு, அந்தக் குறையை இந்த ஒரு இடத்தில் ஏற்றுக்கொண்டு கணக்கில் எடுக்கிறது. அதை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து போங்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் முதல் செமஸ்டர் முடிந்த பிறகு யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் எப்படி என்று கேட்பார்கள், அதனால் தரம் 12இலேயே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடமே கிடைக்கவில்லை என்றால்? 1சி பாடசாலையிலேயே வர்த்தகம் படித்து முகாமைத்துவ பீடத்துக்குப் போனவர்கள் ஒவ்வொரு தோட்டப் பகுதியிலும் இருக்கிறார்கள், கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு கணக்கீடு நல்ல பாதை. விஞ்ஞானம்தான் வேண்டும் என்றால் முதலாம் தவணை முடிவில் திரும்பக் கேளுங்கள், பாடத்தைத் தாங்க முடியாமல் வேறு பிரிவுக்கு மாறும் பிள்ளைகளால் அப்போது இன்னொரு முறை இடம் காலியாகும். ஆனால் அந்தத் தவணை முழுவதும் அதே பாடங்களை எப்படியாவது படித்துக்கொண்டிருந்தால்தான் அந்த இடத்தில் உட்கார முடியும்.

கடைசியாக விடுகைப் பத்திரம். புதிய பாடசாலை சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் தரும் வரை பழைய பாடசாலையில் அதை வாங்காதீர்கள். "வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு போய், அங்கே இடமில்லை என்றதும் இரண்டு பாடசாலைக்கும் நடுவில் ஒரு தவணை முழுக்க நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாவட்டம் மாறுகிறவர்கள் இதற்கு முன்னால் இன்னொன்றும் செய்ய வேண்டும்: மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்து மாணவர் கையேட்டில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியை எடுத்து, திகதிகளோடு சேர்த்து வரி வரியாக வாசியுங்கள். தமிழிலேயே இருக்கிறது. விளங்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம், என்னிடமும் கொண்டு வரலாம். பெறுபேற்றுத் தாளோடு வரும்போது, போக நினைக்கும் பாடசாலையில் போன வருடம் வெளிப் பிள்ளைகள் எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.